விதை எடுத்த திராட்சை

சாத்துக்குடி உரிக்கும்போது விதையை எண்ணுகிற மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். எண்ணிவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார். "இன்னிக்கு பதினொண்ணும்மா" என்று படியேறிப் போகிற என்னை நிறுத்திச் சொல்வார். நான் என்னவோ விதைக் கணக்கு கேட்டு நின்றது மாதிரி. இத்தனை பாடும் அவர் சாப்பிடுவதற்கு இல்லை, அவருடைய நாய் சாப்பிடுவதற்கு.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். எங்கள் பிளாக்கில் எட்டு வீடு. கீழே படிக்கு இடது பக்கம் அவர் வீடு, அதற்கு நேர் மேலே எங்கள் வீடு. எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி விருதுநகரிலிருந்து அங்கே வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் டர்னர். கீழ்வீட்டுக்காரர் எக்ஸாமினர். அதாவது என் வீட்டுக்காரர் கடைந்து கொடுக்கிற உருப்படியை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று சொல்கிற வேலை. தேறாததில் சிவப்புப் பெயிண்ட் தடவி ஓரமாக வைத்துவிடுவார். பிளாக்கில் எல்லாருக்கும் அவர் 'எக்ஸாமினர் சார்'தான். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

நாயின் பெயர் சீசர். பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். வெள்ளைப் பொமரேனியன், தூக்கினால் ஒரு கைப்பிள்ளையின் கனம்கூட இருக்காது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவர் கைலிக்கு மாறி, வாசல்படியில் பழைய செய்தித்தாளை விரித்து, பேனாக்கத்தியோடு உட்காருவார். கேரட் என்றால் வேகவைத்து, விரல் நுனி அளவுக்கு நறுக்கியிருக்கும். வெள்ளரி என்றால் நடுவில் இருக்கிற விதையைச் சுரண்டி எடுத்த பிறகு வெறும் சதை. ஆப்பிள் விற்ற விலையில் நாங்களே எப்போதாவதுதான் கண்ணால் பார்ப்போம். சீசருக்கு மாதம் ஒன்று நிச்சயம். அதிலும் நடுத்தண்டும் விதையும் போன பிறகுதான். பூசணிக்காய் உப்புப் போடாமல் வெந்திருக்கும். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அந்த நாய் எச்சில் ஒழுகக் காத்துக்கொண்டிருக்கும். எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

"என்ன சார், மருமகனுக்கு விருந்தா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மருமகன் வாயால சொல்லுவாம்மா, வயித்த வலிக்குதுன்னு. இது சொல்லாது" என்றார். சிரிக்கவில்லை. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று மேலே வந்த பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் சாம்பார் சாதம் மிஞ்சியது. நல்லெண்ணத்தோடுதான் சீசருக்கு என்று கொண்டுபோனேன். தட்டை வாங்கி விரலால் கிளறினார். ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து என் முன்னால் காட்டினார். "இது ஆகாது" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெங்காயத்தை மட்டும் பொறுக்கி எடுத்துவிடலாமே என்றேன். "சாறு இறங்கிடுச்சு" என்றார். முன்னாடி வளர்த்த நாய் ஒன்று வெங்காயம் போட்ட சோறு தின்று தின்றே ரத்தம் குறைந்து செத்ததாம், மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு இரண்டு பானையில் வெந்தது. அவர் மனைவி அதிகம் பேசாத அம்மா. அவரும் முணுமுணுக்காமல் இரண்டு பானை வைத்தார்.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்றுதான் பிளாக்கில் பேச்சு. பக்கத்து பிளாக்கில் ஒரு நாய் மாங்கொட்டையை விழுங்கும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. இவர் போய் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொட்டை உள்ள அடைச்சிருக்கு, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார். அவர்கள் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள், ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் நாய் செத்தது. அன்றிலிருந்து அவர் சொன்னதுதான் சட்டம். நாய்க்குத் தர்பூசணி கொடுக்கலாமா, கொய்யா கொடுக்கலாமா, பச்சை உருளைக்கிழங்கு தின்றுவிட்டதே என்ன செய்வது என்று வேறு பிளாக்கிலிருந்தெல்லாம் வந்து கேட்டுப் போனார்கள். இரண்டே வார்த்தைதான் அவரிடம். ஆகும். ஆகாது.

ஃபேக்டரியிலும் அப்படித்தான். அவருடைய சொந்த மச்சினன் கடைந்த லாட் முழுவதையும் ஒரு நூல் வித்தியாசத்துக்காகச் சிவப்படித்து ஓரம்கட்டினார். மச்சினன் தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை. இவர் அதற்காக வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. "அவர் கை நம்ம உருப்படி மேல படுறப்ப மூச்சு நிக்குதுடி" என்பார் என் வீட்டுக்காரர். பிளாக்கில் அவரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை. எனக்கும் இல்லை. நடந்ததற்கெல்லாம் இது காரணம் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் பிளாக்கில் ஆறு வீட்டுக்கு வேலை செய்தவள் தேசம்மா. பருத்திப்பட்டிலிருந்து விடிகாலையில் நடந்தே வருவாள். அவளுக்கும் சீசருக்கும் ஆகாது. துடைப்பத்தைக் கண்டாலே அது குதிகாலைக் கவ்வப் பாயும். ஒரு தடவை புதுச் சேலையின் ஓரத்தைக் கிழித்துவிட்டது. "த்தூ, உனுக்கு இன்னா சோறு, இன்னா பயம்! எம் புள்ளைங்க துன்றதுல்ல இத்தெல்லாம். ஒரு நாளிக்கி கீது உனுக்கு" என்று படிக்கட்டில் நின்று கத்தினாள். பிளாக் முழுக்கக் கேட்டது. அவள் கத்துவது எங்களுக்குப் பழக்கம்தான். பாத்திரம் கீழே விழுந்தால் பாத்திரத்தைக்கூட இப்படித்தான் திட்டுவாள்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. ஃபேக்டரியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பூஜை போட்டு, ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். பொரி, கடலை, வாழைப்பழம், ஒரு கொத்துப் பன்னீர் திராட்சை. எங்கள் வீட்டுத் திராட்சையை நான் அன்றைக்கே தின்று தீர்த்துவிட்டேன். எக்ஸாமினர் சாருக்குச் சர்க்கரை வியாதி, அந்த அம்மாவுக்குப் புளிப்பு ஆகாது. அவர்கள் வீட்டுப் பூஜையிலும் வேறொரு கொத்து வைத்திருந்தார்கள். சாமிக்கு வைத்ததைக் குப்பையில் போடக் கூடாது, கால் பட்டுவிடவும் கூடாது. மாட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் குவார்ட்டர்ஸுக்குள் மாடு வந்தால் வாட்ச்மேன் விரட்டிவிடுவான்.

சாயங்காலம் நான் இறங்கி வரும்போது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளில் கறுப்புத் தோல் ஒரு பக்கம், விதை ஒரு பக்கம். ஒவ்வொரு திராட்சையாகத் தோலைப் பிதுக்கி எடுத்து, சதையைக் கீறி, கத்தி முனையால் விதையைத் தள்ளி, கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரி பச்சையாகக் கிண்ணம் நிறைய இருந்தது. சீசர் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு கிண்ணத்தையே பார்த்தது.

"திராட்சை எல்லாம் சாப்பிடுமா சார்?"

"இதுவரைக்கும் குடுத்ததில்ல. விதைக்குப் பயந்துதான். விதையை எடுத்துட்டா ஆகும்" என்றார். "பிரசாதம் வேற. ஒரு ஜீவன் வயித்துக்குள்ள போனா நல்லதுதானே."

ஆகும் என்று அவர் சொன்னால் ஆகும். நான் கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் தேசம்மாவுக்கு எங்கள் வீட்டுப் பூஜைப் பொரியை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இறங்கிப் போகும்போது அவள் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டே போனாள். கீழே சீசர் படுத்திருந்தது. அன்றைக்குக் குரைக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. "இன்னாடா ராசா, ஒடம்பு சொகமில்லியா? இந்தா, நீயும் துன்னு" என்று ஒரு பிடி பொரியை அதன் முன்னால் போட்டாள். இதை நான் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்று என் கண்ணால் பார்த்தேன். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

மத்தியானத்துக்குள் நுரையும் மஞ்சள் தண்ணியுமாக வாந்தி. அடுத்த நாள் தண்ணீர் குடித்தது, ஆனால் ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை. அவர் லீவு போட்டு, துண்டில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். ஊசி போட்டார்கள். "ஏதோ விஷம் உள்ள போன மாதிரி இருக்கு, கிட்னி நின்னுபோச்சு" என்றாராம் டாக்டர். மூன்றாம் நாள் மாலை, அவர் வழக்கமாகக் காய் நறுக்குகிற அதே படியில், அவர் மடியிலேயே அது போய்விட்டது. பின்பக்கம் வேப்பமரத்தடியில் அவரே குழி வெட்டினார். மண்ணிலிருந்த கல்லையெல்லாம் பொறுக்கி வெளியே போட்ட பிறகுதான் உள்ளே வைத்தார். எனக்கு அழுகை வந்தது.

குழியை மூடிவிட்டு நேராக மேலே வந்து எங்கள் கதவைத் தட்டினார். கையில் மண் காயவில்லை.

"நீ மாடியில நிப்பியேம்மா. சீசருக்கு யாராவது எதையாவது போட்டதைப் பாத்தியா?"

என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பொரி என்று சொன்னால் யார் வீட்டுப் பொரி என்று கேட்பார். எங்கள் வீட்டுப் பொரி என்று நான் சொல்ல வேண்டிவரும். நாளைக் காலையில் என் வீட்டுக்காரர் கடைந்த உருப்படி இவர் கைக்குத்தான் போகும். இவ்வளவும் ஒரு மூச்சில் என் தலைக்குள் ஓடியது.

"தேசம்மா ஏதோ போட்டா சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என்ன போட்டாள் என்று கேட்கவில்லை. தேசம்மா படிக்கட்டில் கத்தியது எல்லார் காதிலும் இருந்ததே.

அவர் சத்தம் போடவில்லை, போலீசுக்கும் போகவில்லை. தேசம்மா வேலை செய்த ஆறு வீட்டுக்கும் அன்று மாலையே ஒவ்வொன்றாகப் போய், "அந்தப் பொம்பளையை இனிமே உள்ள விடாதீங்க. நாய்க்கு வச்சவ நாளைக்கு மனுஷனுக்கு வைப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் ஆறு கதவும் திறக்கவில்லை. தேசம்மா கீழே நின்று அழுதாள். "நா வெக்கல சார்! எம் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், நா வெக்கல! பொரிதான் சார் போட்டேன்!"

"பொரியில என்ன கலந்தே?" என்றார் அவர். அதற்கு அவள் என்ன பதில் சொல்லுவாள்? நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கைப்பிடியை விட்டு உள்ளே வந்துவிட்டேன். "நமக்கெதுக்கு வம்பு" என்றார் என் வீட்டுக்காரர். பக்கத்து பிளாக்குகளிலும் அவளை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. எக்ஸாமினர் சொல்லிவிட்டாரே!

தொண்ணூறுகளில் ஒரு நாள் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்கு எதிரே எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் அவளைப் பார்த்தேன். மணல் சட்டி சுமந்துகொண்டிருந்தாள். சித்தாள் வேலைக்கு அந்த வயது ரொம்ப அதிகம். சட்டியை இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அந்த வாயாடி திட்டவில்லை. "நீ பாத்துகினுதான இருந்த?" என்றாள், அவ்வளவுதான். மேஸ்திரி கூப்பிட்டான், போய்விட்டாள். நான் வந்த வேலையை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன்.

எக்ஸாமினர் அதற்குப் பிறகு நாய் வளர்க்கவில்லை. ஆனால் படியில் உட்காருவதை விடவில்லை. கொய்யா, சாத்துக்குடி, பப்பாளி என்று விதை எடுத்து நறுக்கி, பிளாக்கில் நாய் வைத்திருப்பவர்களுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார். திராட்சையை மட்டும் தொடவில்லை, அதைப் பார்த்தால் சீசர் ஞாபகம் வருகிறது என்பார். அவர்மேல் எனக்கு அப்போதெல்லாம் இரக்கம்தான். ரிட்டயர் ஆகி, பூந்தமல்லியில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆனார், பிறகு தவறிப்போனார். நான் ஆவடியிலேயே மகளோடு இருந்துகொண்டேன்.

மகள் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தாள். ஊசி போடக் கொண்டுபோனபோது டாக்டரம்மா, எது கொடுக்கலாம், எது கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வெங்காயம் வேண்டாம், ஆப்பிள் விதை வேண்டாம், மாங்கொட்டை வேண்டாம் என்றபோது எக்ஸாமினர் குரலே கேட்கிற மாதிரி இருந்தது. அப்புறம், "திராட்சை மட்டும் தப்பித்தவறிக்கூடக் கூடாது. காய்ஞ்சதும் கூடாது. கிட்னி போயிடும்" என்றார்.

"விதையை எடுத்துட்டுக் குடுத்தா?"

"விதைல ஒண்ணுமில்லம்மா. பழமே ஆகாது. முன்னெல்லாம் எங்களுக்கே தெரியாது."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனேன்.

எண்பது தாண்டியிருந்தார். தனியாகத்தான் இருந்தார், அந்த அம்மா இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. என்னைப் பார்த்ததும் மலர்ந்துபோய், உட்காரச் சொல்லி, ஒரு கொய்யாப்பழத்தை எடுத்தார். அதே பேனாக்கத்தி. கை நடுங்கினாலும் விதைப்பகுதியை முழுசாகத் தோண்டி எடுத்துவிட்டார்.

"சார், சீசருக்கு அன்னிக்குத் திராட்சை குடுத்தீங்களே" என்று ஆரம்பித்தேன்.

கத்தி நின்றது. "தெரியும்மா" என்றார்.

நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை. அஞ்சாறு வருஷம் ஆச்சு, பக்கத்து வீட்டுக்காரர் போனில் படித்துக் காட்டினார் என்றார். தோலும் விதையும் எடுத்து ஊட்டிய கையை அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"அப்ப தேசம்மா விஷயம்?"

"சிவப்பு அடிச்சதை மறுபடி லைன்ல விடறதில்லம்மா."

"சார், அது உருப்படி. இது மனுஷி."

அவர் நறுக்கிய துண்டுகளைத் தட்டில் ஒழுங்காக அடுக்கினார். பிறகு நிமிர்ந்து, "ஏதோ போட்டான்னு நீ சொன்னியே. என்ன போட்டான்னு அன்னிக்கே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். பொரி. எங்க வீட்டுப் பொரி. நானும் அதையேதான் தின்னேன்."

ஃபேக்டரியில் என் வீட்டுக்காரர் எதிரே நின்று மூச்சடக்கிய பார்வை இதுவாகத்தான் இருக்க வேண்டும். "அதைச் சொல்லியிருந்தா நான் ரிஜெக்ட் போட்டிருக்க மாட்டேன்" என்றார். உண்மைதான். ஒரு உருப்படியையும் தப்பாகச் சிவப்படித்தவர் இல்லை அவர், அளவு சரியாகச் சொல்லப்பட்டால். பருத்திப்பட்டுக்கு என்னோடு வருகிறீர்களா என்று கேட்டேன். முட்டி வலி என்றார். தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடும்மா, விதை இல்ல" என்றார். அவர்மேல் அவ்வளவு கோபமும் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை? ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு எழுந்தேன்.

ஆவடி பஸ் பருத்திப்பட்டு வழியாகத்தான் போகிறது. இறங்கி விசாரித்தேன். தேசம்மா உயிரோடுதான் இருந்தாள். வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு தோள் இறங்கிப்போயிருந்தது. நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திராட்சையைச் சொன்னேன், பொரியைச் சொன்னேன், என் வீட்டுக்காரரின் வேலைக்காகப் பயந்ததையும் சொன்னேன். அவள் கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"முட்ச்சிட்டியா?" என்றாள்.

"மன்னிச்சிடு தேசம்மா."

"நா வெக்கலன்னு எங்கைல வந்து சொல்லிகினு கீறியே, எனுக்குத் தெரியாதா அது? ஆறு ஊட்டாண்ட போய்ச் சொன்னாரு அந்தாளு. நீ அந்த ஆறு ஊட்டாண்ட போய்ச் சொல்லு. போ."

ஆறில் ஒன்று என் வீடு. மிச்சம் ஐந்து. ரிட்டயர் ஆனவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருச்சி, வேலூர், நாகர்கோவில் என்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேரைத்தான் என்னால் தேடிப் பிடிக்க முடிந்தது. ஒருவருக்குத் தேசம்மாவையே ஞாபகம் இல்லை. இன்னொரு அம்மா, "யாரு, அந்த நாய்க்கு விஷம் வச்சவளா?" என்றார். மூன்று வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தேசம்மா பெயரை மறைக்காமல் எழுதியது அதற்காகத்தான். எக்ஸாமினர் என்றாலே அவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும், அவர் பெயர் தேவையில்லை. அந்த மூன்று வீட்டுக்காரர்களோ அவர்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். பருத்திப்பட்டு தேசம்மா அந்த நாய்க்குப் போட்டது பொரி. நான் பார்த்தேன்.